ஆறாவது சத்தம்

பகல் பன்னிரண்டு மணி பத்து நிமிடம். இது நான் ஊகித்துச் சொல்லும் நேரமில்லை. வெடிக்காரர் கிணற்றுக்குள்ளிருந்து தலையை நீட்டித் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மணி பன்னண்டு பத்து, அல்லாரும் ஓடுங்க! வெடி! வெடி! வெடி!" என்று கத்தியதை என் காதால் கேட்டேன். அன்று எங்கள் வீட்டுக்கு எல்லாம் தவறாகப் போகத் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான். எனக்கு அப்போது வயது பதிமூன்று. எங்கே நான் இருக்கவே கூடாதோ அங்கே, கிணற்று மேட்டில் குவித்திருந்த கற்களுக்குப் பின்னால், வயிறு மண்ணில் பட நீட்டிப் படுத்திருந்தேன். பயமாக இல்லை. உண்மையைச் சொன்னால், அதற்கு முன் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே கிடையாது.

இதை நம் வயதுக்காரர்களுக்காகத்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, "இந்தப் பிள்ளைகள் ஏன்தான் இப்படிச் செய்கிறார்களோ" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறோமே, அப்போதெல்லாம் அந்தச் சந்தோஷத்தை நாம் மறந்துவிட்டுத்தான் கேட்கிறோம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் கொல்லை, அதாவது புன்செய் நிலம். இரண்டு வருடம் மழை ஏமாற்றியிருந்தது. கேழ்வரகுத் தாள் கூட மாட்டுக்குப் பற்றவில்லை. அந்தக் கோடையில் எந்தக் கொல்லைக்குப் போனாலும் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து உளியும் சம்மட்டியும் பாறையில் விழும் சத்தம். மதியத்திலும் சாயங்காலத்திலும் வெடிச் சத்தம். பறவைகள் கூடப் பழகிவிட்டன. முதல் வெடிக்கு மட்டும் எழும்பும், இரண்டாவதற்குப் பேசாமல் உட்கார்ந்திருக்கும்.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. கிணற்றின் அடியில் பாறையில் முழங்கை ஆழத்துக்குத் துளை போடுவார்கள். அதைக் குழி என்பார்கள். ஒவ்வொரு குழியிலும் வெடிமருந்துத் தோட்டாவை இறக்கி, திரியை வெளியே விட்டு, களிமண்ணால் அடைப்பார்கள். திரிகளை ஒன்றுக்கொன்று நீளம் மாற்றி வெட்டுவார் வெடிக்காரர். எல்லாம் ஒரே நேரத்தில் வெடித்தால் எண்ண முடியாது. எண்ணுவதுதான் முக்கியம். ஆறு குழி வைத்தால் ஆறு சத்தம் கேட்க வேண்டும். ஐந்துதான் கேட்டது என்றால் ஒன்று உள்ளே உயிரோடு கிடக்கிறது என்று பொருள். அப்போது மறுநாள் காலை வரை யாரும் இறங்கக் கூடாது. சம்மட்டி எடுக்காத ஆளுக்குக் கூட அந்தக் கணக்கு தெரியும்.

எங்கள் கொல்லைக்கும் பக்கத்துக் கொல்லைக்கும் நடுவில் ஒரு வரப்புதான். அவர்கள் கிணறும் எங்கள் கிணறும் ஒரு கல்லெறி தூரம். எது ஆழமாகப் போகிறதோ அதற்குத்தான் ஊற்று என்பது இரண்டு வீட்டுக்கும் தெரியும். அதனால் அது வெறும் வேலையாக இல்லை, பந்தயமாக இருந்தது. அவர்கள் மூன்று ஆள் கூடச் சேர்த்தால் அப்பா நான்கு ஆள் சேர்த்தார். ஒரு நாள் அவர்கள் வெடித்த கல் எங்கள் மாட்டின் மேல் விழுந்தது. சண்டை வந்து, பெரியவர்கள் கூடிப் பேசி முறை வைத்தார்கள். மாதா கோவிலில் பகல் பன்னிரண்டுக்கு மூவேளைச் செப மணி அடித்தபின் எங்கள் வெடி. சாயங்கால மணிக்குப் பின் அவர்கள் வெடி. அவர்கள் எங்களைப் போல வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், இல்லை, ஆனாலும் ஊருக்கெல்லாம் மணி அந்த மணிதான். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அதற்கு முன் அந்த வீட்டு அம்மாள் என் தலையில் எத்தனையோ முறை கனகாம்பரம் வைத்து விட்டிருக்கிறாள்.

எனக்கென்று ஒரு விதி இருந்தது. "பொட்டப்புள்ள கெணறு வெட்டுற எடத்துக்கு வந்தா ஊத்து ஓடிப் போயிரும். அந்தப் பக்கம் தல வெச்சே படுக்கக் கூடாது" என்றார் அப்பா. கல் சுமக்கக் கூலிக்கு வரும் பெண்கள் எட்டுப் பேர் நாள் முழுதும் அந்தக் கிணற்று மேட்டிலேயே நின்றார்கள். அவர்களுக்கு ஓடாத ஊற்று எனக்கு மட்டும் ஏன் ஓடும் என்று கேட்டேன். "எதுத்துப் பேசாத" என்பதுதான் பதில். ஒரு நாள் அப்பா சந்தைக்குப் போயிருந்தபோது மேட்டில் போய் நின்று உள்ளே எட்டிப் பார்த்தேன். அன்றைக்குத்தான் அடிப்பாறையில் முதல்முதலாக ஈரம் கசிந்தது! ஆட்கள் கூச்சல் போட்டார்கள். நான் அங்கேயே நின்றிருந்தேன். ஊற்று ஓடவில்லை, வந்தது.

அந்த ஒரு பொய் வெளுத்ததும், பெரியவர்கள் சொன்ன எல்லாமே அதே சாயம் என்று முடிவு கட்டிவிட்டேன். கிணற்றுப் பக்கம் வராதே என்பது பொய். வெடி வைத்தால் ஓடு என்பதும் பொய்தான். அப்பா அந்த விதியை எதற்காக இட்டுக்கட்டினார் என்பது எனக்கும் ஒரு பிள்ளை பிறந்த பிறகுதான் புரிந்தது. 'உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் தாங்க மாட்டேன்' என்று ஒரு மகளைப் பார்த்துச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஊற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டார்.

அண்ணனுக்கு அப்போது பதினைந்து. அவனுக்கு விதி எதுவும் இல்லை, பாராட்டுதான். "எம்பையனுக்குப் பயம்ங்கிறதே கெடையாது" என்று அப்பா ஆட்களிடம் சொல்வார். அதைக் கேட்கும்போது அண்ணன் காது மடல் சிவந்துபோகும். புகை அடங்கியதும் முதலில் இறங்குகிறவன் அவன்தான். மெலிந்த உடம்பு, ஏணி தாங்கும் என்பார்கள். அவனுக்குப் பயம் இருந்தது. எனக்குத் தெரியும். இறங்குவதற்கு முன் பின்பக்கம் போய் ஒன்றுக்கிருந்துவிட்டு வருவான். அப்படிப் பெயர் எடுத்துவிட்ட பிறகு பயமாக இருக்கிறது என்று எவனால் சொல்ல முடியும்?

எங்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. 'நெருக்கம்' என்று பெயர் வைத்திருந்தோம். வெடிக்காரர் மூன்று முறை கத்தியதும் எல்லோரும் புளியமரத்துப் பக்கம் ஓடுவார்கள். அண்ணனும் கூடவே ஓடுவது போல ஓடிக் கற்குவியலுக்குள் நழுவிவிடுவான். நான் அதற்கு முன்பே யார் கண்ணிலும் படாமல் அங்கே வந்திருப்பேன். படுத்த இடத்தில் ஆளுக்கொரு கல்லை அடையாளம் வைப்போம். அடுத்த நாள் அந்தக் கல்லுக்கு ஓர் அடியாவது முன்னால் படுக்க வேண்டும். முதல் சத்தம் வயிற்றில்தான் கேட்கும், காதில் அப்புறம்தான். மண் ஒரு முறை எழுந்து உட்காரும். பிறகு வானத்திலிருந்து கல் விழும். சின்னச் சின்னச் சில்லுகள், படபடவென்று. வெடிமருந்தின் இனிப்பு வாடை மூக்கைத் துளைக்கும். சூடாக விழுந்த சில்லை முதலில் எடுப்பவருக்கு அது சொந்தம். உடைந்த பக்கம் பச்சை ஓடிய கறுப்பாக மின்னும். ஒரு பவுடர் டப்பா நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். அந்த டப்பா எந்த வீடு மாறும்போது போனதோ தெரியவில்லை.

அன்று அண்ணன் விளையாட வரவில்லை. "அது சின்னப் புள்ளைங்க ஆட்டம். நான் அப்பாகூட நிக்கணும்" என்றான். முந்தின வாரம் அவனுக்குக் கூலி ஆட்களோடு சமமாக மதியக் களி போட்டிருந்தார்கள், அந்த மிதப்பு. எனக்கு ரோஷம் வந்தது. அவனுடைய கடைசிக் கல்லைக் கண்டுபிடித்து, அதற்கு மூன்றடி முன்னால் போய்ப் படுத்தேன்.

ஆறு குழி. முதல் சத்தம். இரண்டு. மூன்று. என் பற்கள் தாமாக அடித்துக்கொண்டன, சிரிப்புத் தாங்கவில்லை. நான்கு. ஐந்து. அப்புறம் ஓர் இடைவெளி. அண்ணனுக்கு நாளைக்குக் காட்ட வேண்டும் என்று தலையைத் தூக்கி எங்கள் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாவது சத்தம் கேட்டது. ஆனால் எங்கள் கிணற்றிலிருந்து ஒன்றும் எழும்பவில்லை. சத்தம் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தேன். வரப்புக்கு அந்தப்புறம், பக்கத்துக் கொல்லைக் கிணற்றுக்கு மேலே, புழுதி குடை மாதிரி விரிந்து நின்றது.

புளியமரத்தடியில் மூவர் இருந்தார்கள். அப்பா, அண்ணன், வெடிக்காரர். கல் படாமல் இருக்கத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, மரத்தில் முகத்தை வைத்து எண்ணுவதுதான் வழக்கம். அவர்கள் தலையைத் தூக்குவதற்குள் இரண்டு கிணற்றுப் புழுதியும் கலந்துவிட்டது. ஆட்கள் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். வெடிக்காரர் ஒரு கையின் ஐந்து விரலையும் மடக்கி, மறுகைக் கட்டை விரலையும் மடக்கினார். "ஆறும் ஆச்சுங்க. பொகை அடங்குனதும் எறங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறி அடுத்த ஊர்க் கிணற்றுக்குப் போய்விட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

இந்த இடத்தில்தான் நாற்பது வயதைத் தாண்டிய பின்னும் என் பேனா நிற்கிறது. பார்த்தேன், தெரியும், ஆனால் சொன்னால் 'நீ எங்கே இருந்து பார்த்தாய்' என்று கேட்பார்கள். அப்பாவின் இடுப்பு வாரை நினைத்தேன். எங்கள் கிணற்றிலும் புழுதி வந்திருக்கும், நான்தான் கவனிக்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்படியே கால்மணி நேரம் கல்லுக்குப் பின்னால் கிடந்தேன்.

போன மாதம் என் மகன், பதினாறு வயது, தன் நண்பனோடு, அந்த நண்பனுடைய அப்பாவின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தொப்பூர்க் கணவாய்க்குப் போயிருக்கிறான். இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு எவ்வளவு தூரம் போகும் என்று பார்ப்பது அவர்கள் விளையாட்டு. வண்டி சரிந்து நண்பனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. இந்தப் பிள்ளை முக்கால் மணி நேரம் பாலத்துக்கு அடியில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். மேலே லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒன்றைக் கூட நிறுத்தவில்லை. ஏனடா என்றேன். "உங்களுக்குத் தெரிஞ்சிருமேன்னுதான்மா" என்றான். அதற்கு ஆறு மாதம் முன்பு அவனைப் பயமுறுத்த, பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் இப்படித்தான் வண்டி ஓட்டிச் செத்தான் என்று நான் ஒரு கதை சொல்லியிருந்தேன். அந்தப் பையன் கோயம்புத்தூரில் நன்றாகப் படித்துக்கொண்டிருப்பதை மகன் எப்போதோ கண்டுபிடித்துவிட்டிருந்தான். நண்பன் பிழைத்துக்கொண்டான். அதன் பிறகுதான், இவன் வயதில் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அன்றைக்குக் கல்லுக்குப் பின்னாலிருந்து என்னை எழுப்பியது கடப்பாரைச் சத்தம். கிணற்றின் அடியிலிருந்து, டங் என்று ஒன்று. பிறகு அண்ணன் குரல், கொண்டாட்டமாக: "அப்பா! தண்ணி! வெரல் மொத்தத்துக்கு வருதுப்பா! இந்த ஒரு கல்லப் பேத்துட்டா கொப்புளிச்சிக்கிட்டு வரும்!"

நான் ஓடினேன். "அப்பா! அண்ணன மேல வரச் சொல்லுப்பா! அஞ்சுதான் வெடிச்சுது!"

அப்பா திரும்பினார். அவர் கண்ணில் முதலில் பட்டது நான் சொன்ன செய்தி அல்ல, நான். "நீ எங்கடி வந்த இங்க?" கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. "தண்ணி வர்ற நேரத்துல வந்து நிக்கிறியே!"

"ஆறாவது அவங்க கெணறுப்பா. பொகைய நான் பாத்தேன்."

"எங்கிருந்து பாத்த?"

"அந்தக் கல்லுக்குப் பின்னாடி இருந்து."

"எப்ப? வெடிக்கிறப்பவா?"

நான் தலையை ஆட்டினேன். ஓங்கிய கை அப்படியே நின்றது. அப்பாவின் முகம் போன போக்கை இன்றும் பார்க்கிறேன். நான் சொன்னதை நம்பினால், ஒரு பிள்ளை வெடிக்குப் பக்கத்தில் படுத்திருந்தது, இன்னொரு பிள்ளை வெடிமேல் நிற்கிறது, இரண்டையும் சேர்த்து நம்ப வேண்டும். அவரால் முடியவில்லை.

"பொய் பேசாத. வெடிக்காரரு எண்ணுனாரு, நான் எண்ணுனேன், அவனும் எண்ணுனான். மூணு பேருக்குக் கேட்டது ஒனக்கு மட்டும் கேக்கலியா?"

கீழேயிருந்து அண்ணன், "என்னாப்பா அங்க சத்தம்?" என்றான்.

"ஒண்ணுமில்ல. நீ வேலயப் பாரு!"

டங்.

பாதி ஆழம் வரை கல்லில் வெட்டிய படி, அதற்குக் கீழே மூங்கில் ஏணி. அப்பா கையை நீட்டுவதற்குள் நான் படியில் இருந்தேன். இன்று என் பிள்ளை அப்படிச் செய்தால் நான் அந்த இடத்திலேயே செத்துவிடுவேன். அன்று எனக்குக் கால் தரையில் பட்ட நினைவே இல்லை. கீழே போகப் போகக் குளிர்ச்சி, புகை, கண் எரிச்சல். தலைக்கு மேலே வானம் ஒரு தட்டளவுக்குச் சுருங்கியது.

அண்ணன் என்னைப் பார்த்து வாயைப் பிளந்தான். "ஏய்! நீ என்னாத்துக்கு எறங்குன? ஊத்து பயந்து ஓடிடப் போவுது, மேல போடி!" அந்த நேரத்திலும் அவனுக்குக் கிண்டல்தான்.

அவன் பேர்த்துக்கொண்டிருந்த கல்லின் மேல் போய் உட்கார்ந்தேன். "இப்பக் குத்து. என் கால் மேல குத்து."

"பைத்தியமா ஒனக்கு?"

"அஞ்சுதான் வெடிச்சுது."

"ஆறு. நானே எண்ணுனேன்."

"நீ கண்ண மூடிக்கிட்டு எண்ணுன. நான் தொறந்துக்கிட்டு எண்ணுனேன். கடைசி சத்தத்துக்கு நம்ம கெணத்துல புழுதியே எழும்பல."

"எங்க படுத்திருந்த?"

"உன் கல்லுக்கு மூணடி முன்னாடி."

அண்ணன் கடப்பாரையைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தான். கால்களுக்குக் கீழே ஒரு வெடி இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவன் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை, "மூணடியா!" அவ்வளவு பொறாமை அந்தக் குரலில். அந்த வயது அப்படித்தான் இருக்கிறது. நாம் அதை மறந்துவிட்டு அறிவுரை சொல்லப் போகிறோம்.

பிறகுதான் மெல்ல அவன் முகம் மாறியது. காலடியைப் பார்த்தான். உடைந்த கற்கள் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தன. எதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கல்லிடுக்கிலிருந்து தண்ணீர் விரல் மொத்தத்துக்கு வந்துகொண்டே இருந்தது. இரண்டு வருடமாகக் காத்திருந்த தண்ணீர். அவன் அதையும் பார்த்தான், என்னையும் பார்த்தான்.

"எனக்கு..." என்றான். நிறுத்தினான். "எனக்குப் பயமாத்தான் இருக்குது. ஆனா இப்ப மேல போனா அப்பா என்னா சொல்லுவாரு?"

"போலாம் வா."

"ஒருவேள ஆறுதான்னா?"

மேலே அப்பா கத்திக்கொண்டே படியில் இறங்க ஆரம்பித்திருந்தார். "அவள மேல ஏத்துடா! நீ இரு, அவள ஏத்து!" அவர் மேல்நுனியைப் பிடித்ததும் மூங்கில் ஏணி ஆடியது. உதிர்ந்த சில்லுகள் எங்கள் மேல் விழுந்தன. ஒரு கல் உருண்டு கீழே விழுந்து குவியலை அசைத்தால் போதும் என்று அண்ணனுக்கும் தோன்றியிருக்க வேண்டும். "அப்பா, ஏணியில கால வெக்காத!" என்று கத்தினான். அவன் அப்பாவை அதட்டியது அதுதான் முதல் முறை. அப்பா பாதிக் கிணற்றில், கடைசிக் கல்படியில் நின்றுவிட்டார். மூன்று பேரும் கிணற்றுக்குள். மேலே ஒருவரும் இல்லை. யாருக்கும் யாரையும் நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை வெடிக்காரர் தனியாக இறங்கிக் கையால் ஒவ்வொரு கல்லாக எடுத்து வைத்து, வெடிக்காத குழியைக் கண்டுபிடித்தார். அண்ணன் கடப்பாரை ஊன்றியிருந்த இடத்துக்கும் அதற்கும் ஒரு சாண். மேலே வந்து, கையைச் சாணாக விரித்து அப்பாவிடம் காட்டினார். ஆனால் அதெல்லாம் மறுநாள். கிணற்றுக்குள் நின்ற அந்த நேரத்தில் எங்களிடம் இருந்தது என் சொல் ஒன்றுதான், அதுவும் ஒளிந்திருந்து பார்த்தவளின் சொல்.

அப்போது வானத்துத் தட்டின் விளிம்பில் ஒரு தலை தெரிந்தது. பக்கத்துக் கொல்லைக்கார வீட்டு அம்மாள். நான் கத்தியது வரப்பைத் தாண்டி அவள் காதில் விழுந்திருக்கிறது. இரண்டு மாதமாக அந்த வரப்பை மிதிக்காதவள், செருப்பில்லாமல் கல்லிலும் முள்ளிலும் ஓடி வந்திருந்தாள். மூச்சு வாங்கியது. குனிந்து, கிணற்று விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்:

"அண்ணா, பொண்ணு சொல்றது நெசந்தானுங்க. கடைசியா வெடிச்சது எங்க கெணறு. உங்க மொறையில, உங்க சத்தத்தோட சத்தமா, திருட்டுத்தனமா ஒரு குழி வெச்சோம். வாயத் தொறந்தா வூட்டுப் பக்கமே வராதன்னு எங்கூட்டுக்காரரு சொன்னாரு. அத நான் பாத்துக்கறன். நாளைக்கு ஊரக் கூட்டி எங்கள என்னா வேணும்னாலும் கேளுங்க. இப்ப கடப்பாரைய அப்படியே வுட்டுட்டு, மூணு பேரும் மெதுவா, காலப் பாத்துப் பாத்து வெச்சு, மேல வந்துருங்கண்ணா."